ஓரிக்கு ஒரே அம்பு... எனக்குப் பத்து!

"ஏன் சார், எறும்பு போட்டோ எடுக்கவா போனஸைக் கரைச்சீங்க?"

எங்கள் செக்‌ஷனில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் டீ கொண்டு வரும் பையன்தான். அவன் கேட்டது வேறு: "அண்ணே, தண்ணியில போட்டாக்கூட நிஜமாவே ஒண்ணும் ஆகாதா?"

ஆகாது. ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2019-ல் வந்த மாடல். கைக்குள் அடங்கும். 15 மீட்டர் ஆழத் தண்ணீர், ஏழடி உயரத்திலிருந்து விழுவது, நூறு கிலோ எடை... எல்லாம் தாங்கும் என்பது கம்பெனி கொடுக்கும் வாக்கு. (எங்கள் சூப்பிரண்டெண்ட் தொண்ணூற்றெட்டு கிலோ. உட்கார்ந்து பாருங்கள் சார் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.)

வீட்டில் இதையெல்லாம் விளக்கியபோது மனைவி அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "கிரைண்டர்கூட ரொம்ப உறுதியான சாமான்தாங்க" என்றாள். அந்தப் பணம் கிரைண்டருக்கு வைத்திருந்தது.

நான் வாங்கியது தண்ணீருக்காக இல்லை. அதில் 'மைக்ராஸ்கோப்' என்று ஒரு மோடு உண்டு. லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளைக்கூடப் படம் பிடிக்கும். நாலாவது படிக்கும் என் மகள் ஒரு நாள், "எறும்போட மூஞ்சி எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு ஜூன் மாதம்தான் கண்ணாடி போட்டது. கிளாஸில் எவனோ 'சோடாபுட்டி' என்று கூப்பிட, அன்றிலிருந்து கண்ணாடி பைக்குள் போய்விட்டது. சொல்லியும் பார்த்தோம், திட்டியும் பார்த்தோம்.

சமையல் மேடையில் சர்க்கரை தூவி டெஸ்ட் ஆரம்பமானது. முதல் பாடம், ஒரு சென்டிமீட்டர் வரை போனால் கேமராவின் நிழலே எறும்பை மூடிவிடுகிறது. லென்ஸைச் சுற்றி வெளிச்சம் தர ஒரு வளையம் தனியாக விற்கிறார்கள். வாங்கினேன். (இது மனைவிக்கு இன்னும் தெரியாது.) இரண்டாவது பாடம், அவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழும் பகுதி ஒரு மயிரிழைதான். மீசை தெளிந்தால் கண் கலங்குகிறது. கண் தெளிந்தால் மீசை போச்சு.

இதற்குத்தான் 'ஃபோகஸ் ஸ்டாக்கிங்'. ஒரு தடவை பட்டனை அமுக்கினால், முன்னாலிருந்து பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஃபோகஸை நகர்த்தி, வரிசையாகப் பல படங்கள் எடுக்கும். மூன்றிலிருந்து பத்து வரை நாம் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவாக இருப்பதை மட்டும் பொறுக்கி, தானே ஒரே படமாகத் தைத்துக் கொடுக்கும். அருமையான வேலை. ஒரே ஒரு நிபந்தனை, பத்து படம் முடியும்வரை எதிராளி அசையக் கூடாது.

எறும்புக்கு இது யார் சொல்வது? எனக்குக் கிடைத்தது மூன்று தலை, பன்னிரண்டு கால். சின்ன சைஸ் ராவணன்.

"ஃபிரிட்ஜுல பத்து நிமிஷம் வைங்க சார், மரத்துப் போய் நிக்கும்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். ஊறுகாய் பாட்டிலில் ஒரு கட்டெறும்பைப் பிடித்து, ஃபிரிட்ஜைத் திறந்தேன். பின்னால் குரல். "அப்பா, அதுக்குக் குளிராதா?"

மூடிவிட்டேன். ஃபிரிட்ஜை.

மார்கழியில் இரண்டு நாள் லீவு போட்டுக் கொல்லிமலை கிளம்பினோம். நாமக்கல்லிலிருந்து பஸ். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. மனைவி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். மகளிடம், "நம்பரைப் படிச்சுட்டே வா" என்றேன். பன்னிரண்டோடு நிறுத்திவிட்டாள். தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்காரன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, கடைசியில் உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வருகிறது. கதையைச் சொன்னேன்.

"ஒரே அம்புலயா? நீ ஒரு எறும்புக்குப் பத்து தடவை கிளிக் பண்றியேப்பா!"

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும். சுமார் முன்னூறு அடியிலிருந்து விழுகிற தண்ணீர். சாரலில் நாங்கள் நனைந்தோம், கேமராவும் நனைந்தது. அதற்கு ஒன்றுமில்லை. பாறையில் ஒட்டிய பாசி, அதன் நுனியில் தொங்கிய நீர்த்துளி... இவை அசையாத ஆசாமிகள். பத்தும் பத்தாக விழுந்து, பாசி ஒரு தென்னந்தோப்பு மாதிரி தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேலே ஏறும்போது மகள் கேமராவை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். ஒரு படி கொஞ்சம் உயரம் அதிகம். அவளுக்குத் தெரியவில்லை. விழுந்தாள். கேமரா துள்ளித் துள்ளி என்னைத் தாண்டி ஆறேழு படி உருண்டது.

நான் திரும்பிப் பார்த்தது கேமராவை. அரை விநாடிதான் இருக்கும். ஆனால் மனைவி பார்த்துவிட்டாள்.

கேமராவில் ஒரு கீறல். மகளுக்கு முழங்காலில் ரத்தம்.

"கண்ணாடி எங்கடி?"

"பையில..."

அன்றிரவு லாட்ஜில் யாரும் அதிகம் பேசவில்லை. குளிரைவிட அந்த அமைதி மோசம்.

விடியற்காலை தூக்கம் பிடிக்காமல் வெளியே வந்தேன். லாட்ஜுக்குப் பின்னால் புல்வெளி முழுக்கப் பனி. ஒரு புல் நுனியில் தட்டான் ஒன்று, உடம்பெல்லாம் பனித்துளியோடு, சிலை மாதிரி. பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்பில் சூடு வைத்துக்கொள்ள வசதி கிடையாது. வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் பறக்கவே முடியும். நான் ஃபிரிட்ஜில் செய்யப் பார்த்ததை மலை தன் பாட்டுக்குத் தினமும் செய்துகொண்டிருக்கிறது!

பின்னால் செருப்புச் சத்தம். நொண்டிக்கொண்டே வந்துவிட்டாள். முழங்காலைப் பார்த்தேன். கட்டு சரியாக இருந்தது. "வலிக்குதாம்மா?" "லேசா."

காற்று புல்லை ஆட்டியது. சொல்லாமலே போர்வையை விரித்துக் காற்றுப் பக்கம் மறைத்துப் பிடித்தாள். நான் முழங்கையை மண்ணில் ஊன்றி, மூச்சைப் பிடித்து அமுக்கினேன். பத்து படம். கேமரா கொஞ்ச நேரம் யோசித்தது.

வந்தது! முகத்து முடி, கண், அதன்மேல் பனித்துளி, பின்னால் சிறகின் நரம்பு வரை எல்லாம் தெளிவு. இப்படித் தைக்கும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். வால் நுனி போய்விட்டது. போகட்டும்.

மகள் ஸ்கிரீனை மூக்குக்கு நேரே பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். சட்டென்று உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் கண்ணாடி.

"அப்பா... கண்ணு ஃபுல்லா குட்டிக் குட்டியா கண்ணாடி!"

சில தட்டான்களுக்கு ஒரு கண்ணில் இருபத்தையாயிரத்துக்கும் மேல் அப்படி உண்டு என்றேன். "அதை யாரும் சோடாபுட்டின்னு சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் வெயில் வந்து, தட்டான் சிறகை நடுக்கி நடுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

இறங்கும்போது பஸ்ஸில் முன் சீட்டு. வளைவு வருவதற்கு முன்பே, எனக்குப் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே, நம்பர் சத்தமாக வந்தது. எழுபது... அறுபத்தொன்பது... டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் நினைவு வந்துவிட்டது.

"எறும்போட மூஞ்சி இன்னும் பாக்கி இருக்குப்பா!"

எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே மனைவி சொன்னாள், "கிரைண்டரும்."