ஏறுவதற்கு எஸ்டி, இறங்குவதற்கு புல்லட்

பழைய மோட்டார் சைக்கிள் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இது அஞ்செட்டிப் பக்கம் தாங்குமா? தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் தார் ரோடும், அதிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் செம்மண் தடங்களும் ஒற்றை சிலிண்டர் வண்டியின் குணத்தை மறைக்க விடாது.

யமஹா 1968ல் டிடி-1 என்ற வண்டியை அமெரிக்காவில் இறக்கியபோது, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டிகளுக்குப் பெரிய சந்தையே உருவானது. நமக்கு அப்படியொன்று அப்போது வரவில்லை. இருந்த வண்டியையே எல்லாப் பாதையிலும் விரட்டினோம். இந்தப் பக்கத்து ஓசூருக்கோ இரண்டு திசையிலும் வண்டி இருந்தது. கிழக்கே சென்னை திருவொற்றியூர் புல்லட். மேற்கே மைசூரில் 1961ல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை. அதன் ஜாவாதான் பிற்பாடு எஸ்டி ஆனது.

எஸ்டியில் என்னை இன்றும் கவர்வது அதன் கிக்கர். கியர் லிவரும் அதுவே. இடது பக்கம் இருக்கும் அந்த லிவரை உள்ளே அமுக்கிப் பின்னால் திருப்பி நிமிர்த்தினால் கிக்கர்; உதைத்து ஸ்டார்ட் ஆனதும் பழைய இடத்துக்குத் தள்ளினால் கியர். கியர் மாற்ற லிவரை மிதிக்கும்போதே கிளட்சும் தானாக விடுபடும். கல்லிலும் குழியிலும் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்க வேண்டிய இடத்தில் இடது கைக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஜாவாவின் தாய்நாடான செக்கோஸ்லோவாகியாவில் இதை யோசித்தவர்களை மனதாரக் கும்பிடலாம்.

புல்லட்டுக்குப் பொறுமை வேண்டும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லிவரை விட்டு, பிறகு உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் முழங்கால் போகும். ஆனால் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து, நடக்கிற வேகத்தில்கூட இன்ஜினை அணைய விடாது.

ஏற்றத்தில் எடை குறைந்த எஸ்டி முந்திவிடும். இறக்கத்தில் கதை மாறும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. டிரம் பிரேக்கே கதி. புல்லட்டோ இரண்டாவது கியரில் தானே நிதானமாக இறங்கும்.

இதே ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் செய்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் 2018ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 313 சிசி, ஒற்றை சிலிண்டர், முன்சக்கரம் 19 அங்குலம். ஓட்டுவதற்கு அது பழையவை இரண்டையும் மிஞ்சும். ஆனால் காட்டோரத்து மெக்கானிக் ஸ்பானரோடு பிரித்துப் பார்க்கக்கூடிய வண்டி எஸ்டிதான். ஒன்றே ஒன்று என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

மைசூர் ஆலை 1996ல் மூடப்பட்டது. இனி அந்தப் பழைய எஸ்டி புதிதாகப் பிறக்காது. உங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டேங்க் துருவை எடுத்து, கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஒருமுறை உதைத்துப் பாருங்கள்.