கொடி அசைந்தால் போதும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஓசைக்குக் குறைவில்லை. இளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை. திருச்செங்கோட்டிலே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. இந்த ஓசைக்கிடையே பிறந்து வளர்ந்தவர்கள் நாம்.

தறிக்கூடத்துக்குள் நுழைந்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். அங்கே வாய்ப்பேச்சு செல்லாது. தார் தீர்ந்ததா, பாவு நூல் அறுந்ததா, தேநீர் வந்ததா, எல்லாவற்றையும் கையே கூறும், கண்ணே கேட்கும். நம் தெருவுக்கு அடுத்த கூடத்திலே ஒரு தோழர் தறி ஓட்டினார். பிறவியிலேயே செவி கேளாதவர். தறியிலே ஏதேனும் பழுதென்றால் தரையின் அதிர்வு மாறுவதைக் காலால் உணர்ந்து முதலில் திரும்பிப் பார்ப்பவர் அவராகவே இருப்பார். கூடத்துக்குள்ளே அவருக்கும் மற்றவர்க்கும் வேற்றுமை இல்லை. எல்லோரும் கையால் பேசினர். எல்லோரும் கண்ணால் கேட்டனர். மாலையில் கூடத்தைவிட்டு வெளியே வந்தால் மட்டும் அவர் 'ஊமை' ஆகிவிடுவார்! பெயரிட்டு அழைத்த நண்பர்களே தெருவிலே பெயரை மறந்துவிடுவர்.

மாறியது அவரா? இல்லை. அவர் காலையிலும் அவரே, மாலையிலும் அவரே. மாறியது சூழ்நிலை. கையால் பேசும் இடத்தில் அவர் முழு மனிதர். வாயால் மட்டுமே பேசும் இடத்தில் குறை மனிதர். அப்படியானால், குறை அவர் செவியிலே மட்டுந்தான் இருக்கிறதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே களத்திலே விடை கண்டவர்கள் உண்டு. 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாரிசு நகரத்தில் ஒரு விளையாட்டு விழா நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் யூஜின் ரூபன்ஸ் அல்கே என்ற பிரெஞ்சுக்காரர். அவரே செவி கேளாதவர். ஒன்பது நாடுகளிலிருந்து 148 பேர் வந்து கலந்துகொண்டனர். அனைவரும் செவி கேளாதவர்கள். அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன், 1880இல், மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, செவி கேளாத பிள்ளைகளுக்குக் கைச்சாடையால் கற்பிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. கையைக் கட்டிப்போட்ட காலம் அது. அந்தக் காலத்திலே, எவருடைய இரக்கத்துக்கும் காத்திராமல், தம் விழாவைத் தாமே நடத்தி, தம் கழகத்தைத் தாமே அமைத்துக்கொண்டனர். தன்மானம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

அந்த விழாதான் வளர்ந்து, 2001ஆம் ஆண்டு முதல் டெஃப்லிம்பிக்ஸ் என்ற பெயரைத் தாங்கி, நான்காண்டுக்கு ஒருமுறை நடந்து வருகிறது. 2025 நவம்பரில் டோக்கியோ நகரில் நடந்தது. இந்திய அணி அங்கே 20 பதக்கங்களை வென்றது. அவற்றுள் ஒன்பது தங்கம்.

அந்தக் களத்தின் விதிகளைக் கேளுங்கள். நன்றாகக் கேட்கும் காதிலும் 55 டெசிபல் அளவுக்குக் குறையாமல் கேள்வித்திறன் இழந்தவரே அங்கே போட்டியிடலாம். எதிரில் நின்று நாம் இயல்பாகப் பேசும் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல்; ஆகவே அவர்க்கு நம் பேச்சு எட்டியும் எட்டாததுதான். காதுக்கருவி அணிந்திருந்தால், போட்டிக்கு முன் கழற்றிவைத்தாக வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை விலையுயர்ந்த கருவியோடு வரலாம். ஏழை வீட்டுப் பிள்ளை கருவியே இல்லாமல் வரலாம். கோட்டருகே வந்துவிட்டால் இருவரும் ஒன்று. சமத்துவத்தைச் சட்டப் புத்தகத்திலே எழுதிவைத்திருக்கிறோம். அவர்கள் ஓடுகளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி, களத்தின் நீளம் அதேதான். பந்தின் எடை அதேதான். வலையின் உயரமும் அதேதான். துப்பாக்கி ஓசைக்குப் பதில் ஒளி மின்னும்; நடுவரின் ஊதலுக்குப் பதில் கொடி அசையும். மாற்றம் அவ்வளவே!

'உடற்குறை உள்ளோர்க்குத்தான் பாராலிம்பிக் இருக்கிறதே, இவர்களுக்கு ஏன் தனி விழா' என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் கொணர்ந்தபோது இந்தச் சமவெளியே பூரித்தது. அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் என்று அவர் தொடர்ந்தபோது பூரிப்பும் தொடர்ந்தது. ஆனால், பாராலிம்பிக்கிலே செவி கேளாதார்க்கென்று பிரிவு கிடையாது. அவர்களுக்குக் கையும் காலும் கண்ணும் பழுதற்றவை. வேண்டியது வேறு எடையோ வேறு அளவோ அல்ல, வேறு மொழி. அதனால் அவர்களின் உலகக் கழகம் 1995இல் பாராலிம்பிக் அமைப்பிலிருந்து விலகித் தனித்தே நின்றது. ஆகவே, ஒலிம்பிக்கைக் காண்போர் கண்ணிலும் அவர்கள் படுவதில்லை. பாராலிம்பிக்கைக் காண்போர் கண்ணிலும் படுவதில்லை. செவிப்புலன் இழந்தவர் அவர்கள். பார்வை இழந்தவர்களோ நாம்!

2022 மே திங்களில் பிரேசில் நாட்டின் காசியாஸ் தோ சூல் நகரில் நடந்த விழாவிலே, மதுரை மங்கை ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றார்: ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி. அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. சேலத்துக் கடைவீதியிலே நின்று அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் தலையசைப்பர்? மற்போர் வீரர் வீரேந்தர் சிங், செவி கேளாதார் ஒலிம்பிக்கில் மூன்று முறை தங்கம் வென்றவர். 2021 நவம்பரில் பத்மசிறீ விருது பெற்ற மறுநாளே, அந்தப் பதக்கங்களையும் விருதையும் ஏந்தியபடி டெல்லியில் அரியானா பவன் வாயிலின் நடைபாதையில் அமர்ந்தார். பாராலிம்பிக் வீரர்க்கு அளிக்கும் அதே மதிப்பையும் உரிமையையும் செவி கேளாத வீரர்க்கும் அளியுங்கள் என்பதே அவர் கேட்டது. வாய் பேசாதவர் கேட்டார். செவி உள்ளோர் கேட்டனரா?

இந்தப் பாராமுகம் நேற்று முளைத்ததன்று. பிறவிச் செவிடர்க்கும் ஊமையர்க்கும் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் போட்டால் போதும் என்று எழுதிவைத்தது மனுநீதி. 1928இல் சட்டம் வந்துதான் அந்தத் தடை உடைந்தது. 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் அதனை உறுதி செய்தது. ஏட்டிலிருந்து போயிற்று, எண்ணத்திலிருந்து போயிற்றா? செவி கேளாத குழந்தை பிறந்தால் இன்றும் 'முன்வினை' என்போர் இருக்கின்றனர். வினையுமில்லை, விதியுமில்லை. நெருங்கிய உறவுக்குள் திருமணம், கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, மூளைக்காய்ச்சல், கவனியாமல் விட்ட காதுச்சீழ் என்று காரணங்களை மருத்துவம் வரிசையாகக் காட்டுகிறது. 85 டெசிபலைத் தாண்டிய ஓசையிலே நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்றால், கேட்கும் காதும் மெல்லக் கெடும் என்கிறது. நம் தறிக்கூடத்து முதியவர்களைக் கேட்டால் அதற்குச் சான்று கூறுவார்கள். உழைத்துக் காதை இழந்தவர் எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தாராம்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நடந்த ஒரு பள்ளி விளையாட்டு விழாவைக் காணச் சென்றிருந்தோம். 200 மீட்டர் ஓட்டம். ஆறு சிறுவர்கள் நின்றனர். ஊதல் ஒலித்தது, ஐவர் பாய்ந்தனர். ஆறாமவன், பக்கத்திலிருப்பவன் கால் அசைந்ததைக் கண்ட பிறகே பாய்ந்தான். பின்தங்கிப் புறப்பட்டும் இருவரை முந்தி, நான்காவதாக வந்தான். அடுத்த சுற்றுக்கு மூவருக்கே இடம். மூன்றாமவனுக்கும் அவனுக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருக்கும்.

"பாவம், காது கேக்காத பையன், இவ்வளவு ஓடுனதே பெருசு," என்றார் அருகிலிருந்த பெரியவர். இரக்கத்தோடுதான் கூறினார். பையனின் தாய் அங்கேயே நின்றிருந்தார். தறிக்கூடத்திலிருந்து அரைநாள் விடுப்பில் வந்தவர். திரும்பிப் பார்த்தார்.

"எம்பையன் காலுக்கு என்னங்கய்யா கொறை? கையில ஒரு துணியத் தூக்கி ஆட்டியிருந்தா அவனும் சரியாக் கெளம்பியிருப்பானுங்க," என்றார்.

பெரியவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? உலகக் கழகம் விதி நூலில் எழுதிவைத்ததை அந்தத் தாய் ஒரே வரியில் கூறிவிட்டார்.

அந்தத் தாய் கூறியது எங்கும் செல்லும் உண்மை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், செவி கேட்பவர்களோடு போட்டியிட்டு, 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெள்ளி வென்றார் தென்னாப்பிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின். அவர் செவி கேளாதவர். புறப்பாட்டின் ஓசையோடு ஓர் ஒளியும் மின்னியது, அதைக் கண்டு பாய்ந்தார், நீந்தினார், வென்றார். அந்த ஒளி அவரை வெல்லவைக்கவில்லை. மற்றவரோடு ஒன்றாகப் புறப்பட வைத்தது, அவ்வளவுதான். உரிமை என்பதும் அவ்வளவுதான்.

'இதற்கெல்லாம் பணம் வேண்டுமே' என்பர் சிலர். ஒரு முழம் சிவப்புத் துணிக்கு எவ்வளவு பணம் வேண்டும்? நெசவுக்குப் பெயர்பெற்ற இந்த மண்ணிலே துணிக்கா பஞ்சம்? உடற்பயிற்சி ஆசிரியர் ஊதலை வாயில் வைக்கும்போதே கையிலே ஒரு கொடியையும் எடுக்கட்டும். ஊதலும் ஒலிக்கட்டும், கொடியும் அசையட்டும். கேட்பவன் கேட்டு ஓடட்டும். காண்பவன் கண்டு ஓடட்டும். வகுப்பிலே பத்துச் சைகைகளை எல்லாப் பிள்ளைகளும் கற்கட்டும். தறிக்கூடத்திலே நம் தாய்மார் கற்கவில்லையா?

நண்பர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த விளையாட்டு விழா எப்போது என்று கேளுங்கள். ஊதல் யார் கையில் என்றும் கேளுங்கள். விழாவுக்கு முன்னரே சென்று, ஒரு முழத் துணியை அவர் கையிலே கொடுங்கள். ஏன் என்று கேட்டால் அந்தத் தாய் கூறியதைக் கூறுங்கள். நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் உலகக் களத்துக்குப் போகும் வழி, பள்ளித் திடலின் சுண்ணாம்புக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கோட்டிலே அவனும் மற்றவரோடு ஒன்றாகப் புறப்படட்டும்.