பெயர் மாறியது, பார்வை மாறியதா?

ஒரு சமுதாயத்தின் உள்ளம் அது வழங்கும் சொற்களில் உறைந்து கிடக்கிறது என்று வகுப்பறையில் பலமுறை கூறியிருக்கிறோம். அக்கூற்றின் முழுப்பொருளை எமக்கு உணர்த்தியவன் ஓர் இளைஞன். அவன் எம் மாணவனல்லன். அவனை மாணவனாக ஏற்கும் வாய்ப்பை யாமே இழந்தோம்.

ஏறத்தாழ எட்டாண்டுகளுக்கு முன், அப்போது பணியாற்றிய ஒரு கல்லூரியில் சேர்க்கைக் குழுவில் அமர்ந்திருந்தோம். கும்மிடிப்பூண்டியை அடுத்த சிற்றூரிலிருந்து தாயுடன் வந்த அவன், இளங்கலைத் தமிழ் படிக்க விரும்பினான். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையே மட்டும் ஓராண்டு இடைவெளி. "அந்த ஓராண்டு என்ன செய்தாய், தம்பி?" என்று வினவியவர் யாமே.

"உடம்புக்கு முடியாம இருந்தான் சார்" என்றார் தாய்.

"இல்லைங்க ஐயா. ஒரு அடிதடி வழக்கு. இல்லத்துல இருந்தேன்" என்றான் அவன்.

குழுவினர் ஒருவரையொருவர் நோக்கினர். "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்றார் மூத்தவர். யாரும் சொல்லி அனுப்பவில்லை. யாமும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு இதனை எம் அத்தாவிடம் கூறினோம். அதிகம் படிக்காத அவர், "நீ அதைக் கேக்காம இருந்திருந்தா அந்தப் புள்ள படிச்சிருக்கும்ல?" என்றார். எம் எம்.ஃபில். பட்டத்தில் இதற்கு விடையில்லை.

அதன் பின்னரே சட்டத்தைத் தேடிப் படித்தோம். இந்தியாவில் சிறார்க்கெனத் தனிச்சட்டம் முதன்முதலில் இயற்றியது நம் சென்னை மாகாணம், ஆண்டு 1920. நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986-இல் வந்தது. அதில் ஆண்பிள்ளைகளுக்கு 16 என்றிருந்த வயது வரம்பு, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 ஆயிற்று. இன்று நடப்பிலிருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். பதினாறு வயது நிறைந்தோர் கொடுங்குற்றம் புரிந்திருப்பின், உரிய மதிப்பீட்டுக்குப் பின் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் இது இடமளிக்கிறது. ஏனையோர்க்கு அது காட்டும் வழி வேறு. பிடிபட்ட சிறுவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கலாகாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் நடுவர் ஒருவருடன் சமூகப் பணியாளர் இருவர் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். வழக்கு முடிந்தபின் அப்பழி அவன் வாழ்வில் எந்தத் தகுதியிழப்பையும் உண்டாக்கலாகாது. நன்னடத்தைச் சான்று கேட்கப்பட்டாலும் காவல்துறை அதனை வெளியிடலாகாது. காவலரும் கூறக்கூடாத ஒன்றைக் கல்லூரி மேசையில் அமர்ந்து யாம் கேட்டு வாங்கினோம்!

'குற்றவாளி' என்ற சொல்லைக்கூடச் சட்டம் விலக்கிவிட்டது. 'சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்' என்பதே இன்றைய வழக்கு. விசாரணைக் காலத்தில் தங்கும் இடம் 'கூர்நோக்கு இல்லம்'. எத்துணை அழகிய தமிழ்! ஆனால் பெயர் மாறினால் போதுமா? செங்கற்பட்டு அரசு இல்லத்தில் 2022-ஆம் ஆண்டின் இறுதி நாளில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்களே கைதாயினர். அதன் பின்னர் இல்லங்களின் சீரமைப்புக்கு வழி கூற, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களைத் தமிழக அரசு 2023-இல் நியமித்தது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2025 டிசம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில், வடமாநிலத் தொழிலாளி ஒருவரைப் பதினேழு வயதினர் நால்வர் அரிவாளால் வெட்டி, அதனைப் படம்பிடித்துப் பரப்பினர். பிழைப்புக்காக வந்த அந்த ஏழையின் குருதியைக் கண்டபின் 'சிறுவர்கள்தாமே' என்று கடந்துபோக இயலுமா? இயலாது. அவர்கள் செய்ததை அவர்களே உணரச் செய்தல் வேண்டும். அது எளிதான பணியன்று. ஆனால் இல்லத்தில் உணர்ந்து வெளியே வருபவனுக்குக் கதவு ஒன்று திறந்திருக்க வேண்டாவா? எல்லாக் கதவும் அடைபட்டால், அவனை வரவேற்கக் காத்திருப்பது அவனுடைய பழைய கூட்டம் ஒன்றே.

சென்ற ஆண்டு ஒரு மாலை. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் வண்டிக்காக நின்றிருந்தோம். சிப்காட் தொழிற்சாலைகளில் பணி முடிந்தோர் கூட்டம் கூட்டமாக வந்தனர். அவர்களுள் ஒருவன், "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்றான். அவனேதான்! இரும்புக் கம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாம். முன்கையில் சூட்டுத் தழும்புகள். "தங்கச்சியைக் காலேஜ்ல சேர்த்துட்டேங்க ஐயா, தமிழ்தான் படிக்குது" என்று முகம் மலரக் கூறினான். எந்தக் கல்லூரி என்று கேட்கும் துணிவு எமக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

இத்துறையில் பயின்று நாளை ஆசிரியராக, அலுவலராக, ஆலை மேலாளராக அமரவிருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் மேசைக்கு முன்னும் ஓராண்டு இடைவெளியோடு ஒருவன் வந்து நிற்பான். அவனால் இன்று என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். அந்த ஓராண்டைக் கேளாதீர்கள். சேர்க்கைக் காலந்தோறும் அந்த வினா எம் நாவின் நுனிவரை வருகிறது. இப்போதெல்லாம் யாம் அதனைக் கேட்பதில்லை.