எண்ணிக்கையில் அடங்காத ஊர்

ஓர் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு கூறினால், மாணவர்கள் பெரும்பாலும் அதனை மூன்று பிரிவாக வகுத்துக்கொள்வர். முதலாவது நிலம், அடுத்தது மக்கள், மூன்றாவது ஆட்சி. எல்லைகள் யாவை, குடிகள் எத்தனை, ஆள்வோர் யாவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டால் கட்டுரை நிறைவெய்திவிடும். தமிழாசிரியராகப் பணியாற்றிய காலமெல்லாம் நானும் இம்முறையையே கற்பித்து வந்தேன். பெரும்பாலான ஊர்களுக்கு இது நன்கு பொருந்தும். ஆயினும், நாம் தேக்கா என்றும் சிராங்கூன் சாலை என்றும் உரிமையோடு அழைக்கின்ற, இன்று லிட்டில் இந்தியா என்னும் பெயர்ப் பலகையைத் தாங்கி நிற்கின்ற இடத்தை இந்த மூன்று வினாக்களுக்குள் அடக்குவது எளிதன்று. ஏன் அடங்கவில்லை என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நிலத்தை நோக்குவோம். நிலத்தை அளந்து கோடிட்ட பின்னர் மக்களைக் குடியேற்றிய நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1785-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நிலச் சட்டம், பக்கத்திற்கு ஆறு மைல் நீளமுள்ள சதுரங்களாக நிலத்தைப் பிரித்தது. டவுன்ஷிப் எனப்பட்ட அச்சதுரம் ஒவ்வொன்றும் 36 கூறுகளாக வகுக்கப்பட்டது. 16-ஆவது கூறு பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. பின்னாளில் எத்தனையோ சிற்றூராட்சிகள் அந்தக் கோடுகளையே தம் எல்லையாகக் கொண்டன. பள்ளிக்கு இடம் ஒதுக்கிய அறிவு போற்றற்குரியது. ஆனால், அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்திருந்த பழங்குடி மக்களுக்கு அந்தத் தாளில் இடமில்லாமற் போயிற்று.

சிங்கப்பூரிலும் 1822-ஆம் ஆண்டு இறுதியில் அத்தகைய தாள் ஒன்று வரையப்பட்டது. ராஃபிள்ஸின் கருத்துப்படி அமைந்த ஜாக்சன் திட்டம் என்று அதனைக் கூறுவர். அதில் இந்தியர்க்கென ஒதுக்கப்பட்ட இடம் சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த சூலியா கம்பம் ஆகும். சிராங்கூன் சாலை நமக்கென்று எவரும் வரைந்து கொடுத்த இடமன்று. அது தானாகவே அமைந்த இடம்.

அது அமைந்ததற்கு நிலமே காரணம். ரோச்சோர் ஆற்றை அடுத்த அத்தாழ்நிலத்தில் நீரும் புல்லும் நிறைந்திருந்தன. கால்நடை வளர்ப்போர்க்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. எருமைத் தொழுவம் என்னும் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும், பஃபலோ சாலை என்ற ஆங்கிலப் பெயரும் இன்றும் அதனை நினைவூட்டுகின்றன. கால்நடை வணிகம் செய்த பெலிலியோஸ் என்னும் யூதரின் பெயரைத் தாங்கிய தெருவும் அங்கே உண்டு. அருகிலேயே செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் புகைந்தன. அதனால் நம் முன்னோர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சீனர்களோ மூங்கிலடி என்னும் பொருள்பட அழைத்தனர். அதுவே தேக்கா ஆயிற்று. மலாய்க்காரர்க்கு எருமை, சீனர்க்கு மூங்கில், தமிழர்க்குச் சுண்ணாம்பு! ஒரே நிலத்தை மூவினத்தாரும் தத்தம் கண்கொண்டு பார்த்துப் பெயரிட்டனர்.

பெயரைப் பொறுத்தமட்டில் மக்கள் வழக்கே இறுதியில் வெல்லும் என்பதற்கும் தேக்காவே சான்று. 1915-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய சந்தைக்குப் பதிலாக, 1982-இல் சாலைக்கு மறுபுறம் புதிய சந்தை எழுந்தது. மாண்டரின் ஒலிப்பில் சுஜியாவ் நிலையம் என்று அதற்குப் பெயர் சூட்டினர். எழுத்து அவ்வாறு இருந்ததே தவிர, மீன் வாங்கச் சென்ற எவரும் அப்பெயரைச் சொல்லக் காணோம். 2000-ஆம் ஆண்டில் பெயர்ப் பலகையே தேக்கா நிலையம் என மாறியது.

இனி மக்களைப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் 56.9 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 40.4 இலட்சம். இந்த 40.4 இலட்சத்தில் இந்தியர் 9.0 விழுக்காடு. நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் எண் இதுவே. இந்த இந்தியர்கள் எங்கே வாழ்கின்றனர்? ஈசூனில், உட்லண்ட்ஸில், ஜூரோங்கில், பொங்கோலில் என்று தீவெங்கும் பரவி வாழ்கின்றனர். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடும்பங்களைப் புதிய பேட்டைகளுக்குக் கொண்டு சென்றது. ஓரினத்தார் ஓரிடத்திலேயே குவியாதவாறு ஒவ்வொரு புளோக்கிற்கும் விகித வரம்பு விதிக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989-இல் நடைமுறைக்கு வந்தது. பல்லின மக்கள் அண்டை வீட்டாராய் வாழ்வதற்கு இக்கொள்கை துணை புரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அதே 1989-ஆம் ஆண்டில்தான் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட வேண்டிய மரபு வட்டாரமாகவும் அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன; அவற்றினுள் வாழ்ந்த குடும்பங்களுட் பல அதற்கு முன்னரே வேறிடம் பெயர்ந்திருந்தன.

ஆகவே, இரவில் அங்கு உறங்குவோரை மட்டும் எண்ணினால் தேக்கா சிற்றூராகவே தோன்றும். பிறந்தோரை எண்ணினால் நிலைமை வேறு. அதன் ஓரத்தில் நின்ற கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது கின்னஸ் நூலில் இடம்பெற்ற உலகச் சாதனை. என் தலைமுறையினரில் எத்தனை பேர் முதன்முதலாகக் கண் விழித்த இடம் அது! ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடுவோரை எண்ணினாலோ, அது ஒரு நகரமாகவே விரியும்.

அவ்வாறு கூடுவோர் யாவர்? கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களும் வங்காளதேச இளைஞர்களுமே பெரும்பாலோர். அவர்கள் 56.9 இலட்சத்தில் அடங்குவர்; ஆனால் 9.0 விழுக்காட்டில் அடங்கார். அந்த விழுக்காடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கொண்டு கணக்கிடப்படுவது. தமிழ் பேசி, தமிழ்க் கடையில் உண்டு, வீரமாகாளியம்மன் கோயிலில் வணங்கி, தமிழ்ச் செய்தித்தாள் வாங்கிச் செல்லும் ஒருவர், சிங்கப்பூர் இந்தியர் என்னும் எண்ணுக்கு வெளியே நிற்கிறார்.

மூன்றாவது, ஆட்சி. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் ஒருமுறை இக்கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, தேக்காவுக்குத் தலைவர் யார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ என் தந்தையாரின் நினைவு வந்தது.

என் தந்தையார் 1937-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நகரசபையின் சாலைப் பிரிவில் கூலியாளாகச் சேர்ந்தார். ‘முனிசிபல்’ என்றே அவர் சொல்வார். சிறுவனாக நான் அவருடன் நடந்து செல்கையில், “இந்த ரோட்டுக்குத் தார் போட்டது நாங்கதான்” என்று காட்டுவார். டன்லப் தெரு, கிளைவ் தெரு, ஹேஸ்டிங்ஸ் சாலை என அத்தெருக்கள் ஆங்கிலேயர் பெயர்களைத் தாங்கியிருந்தன. வீராசாமி சாலைக்கு வந்தால் மட்டும் அவர் நடையில் ஒரு மிடுக்கு ஏறும்; நம்மவரான மருத்துவர் ஒருவரின் பெயரன்றோ அது!

அவர் பணியாற்றிய நகரசபையின் வரலாறு நெடியது. 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரி செலுத்துவோர் ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். 1913-இல் அந்த உரிமையும் நீக்கப்பட்டு, ஆளுநரே ஆணையர்களை நியமித்தார். 1949-இல் மீண்டும் தேர்தல் வந்தது. 27 இடங்களுள் 18 இடங்கள் மக்களுக்கு விடப்பட்டன. 1951 செப்டம்பர் 22-ஆம் நாள் சிங்கப்பூர் மாநகர் என்னும் தகுதியை எய்தியது. 1957 டிசம்பரில் 32 இடங்களுக்கும் முழுமையான தேர்தல் நடைபெற்று, ஓங் எங் குவான் மேயரானார். அந்நகரசபையின் முதல் மேயரும் இறுதி மேயரும் அவரே. 1959-இல் அதன் அதிகாரங்கள் அரசின் கைக்கு மாறின. 1963-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்து, நீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டது. நாடே ஒரு நகராக இருக்கையில் இரண்டு ஆட்சிகள் எதற்கு என்பது அக்காலத்து வாதம்.

இத்தனை தேர்தல்களில் ஒன்றிலேனும் என் தந்தையார் வாக்களித்ததில்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. குடியுரிமைத் தாள் 1958-இல்தான் அவர் கைக்கு வந்தது. 1959 மே மாதப் பொதுத் தேர்தலில் வெள்ளை வேட்டி உடுத்திச் சென்று வாக்களித்தார். அதற்குள் நகரசபையின் காலம் முடிந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகரின் தெருக்களைச் செப்பனிட்ட மனிதர், அந்நகரை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க ஒருநாளும் வாய்ப்புப் பெறவில்லை.

உள்ளூர் ஆட்சி என்றவுடன் நாம் உத்திரமேரூரைப் பெருமையோடு எடுத்துக் காட்டுவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது; பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டன; கணக்குக் காட்டாதவர்க்குத் தகுதியில்லை என்று விதிக்கப்பட்டது. ஏரிக்கொரு வாரியம், தோட்டத்திற்கொரு வாரியம் என்று பொறுப்புகள் பகிரப்பட்டன. வியக்கத்தக்க ஒழுங்குதான். ஆயினும், குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையும், மறைநூற் கல்வியும் வேண்டும். ஏரியைத் தூர்வாரிய கைகளுக்குரியவர் பெயர் அக்குடத்தில் விழுந்திராது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூருக்கும் இவ்வகையில் ஓர் ஒற்றுமை இருந்தது.

இன்றைய நிலை என்ன? 1986-இல் அங் மோ கியோவில் முன்னோடியாகத் தொடங்கி, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் பரவிய நகர மன்றங்கள், வீடமைப்புப் பேட்டைகளைப் பராமரிக்கின்றன. அவற்றை நடத்தும் பொறுப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுடையது. மின்தூக்கி பழுதுபட்டால் யாரைக் கேட்பது என்று எல்லார்க்கும் தெரியும். தேக்கா நிலையத்தின் மேலுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கும் இவ்வசதி உண்டு. ஆனால், லிட்டில் இந்தியா முழுமைக்கும் என்று தனி மன்றம் இல்லை. அமைப்பு முறையில் அது ரோச்சோர் திட்டப் பகுதியின் ஒரு துணைப்பகுதி, அவ்வளவே. கோயில்கள் சிலவற்றை 1969-இல் அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம் கவனிக்கிறது. கடைக்காரர்களுக்குச் சங்கம் உண்டு. தெருக்களுக்கு அரசுத் துறைகள் உண்டு. எல்லாரும் கவனிக்கின்றனர். எனினும், ஞாயிறுதோறும் கூடும் இளைஞர் சார்பில் பேசுவதற்கென அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அங்கில்லை.

2013 டிசம்பர் 8-ஆம் நாள் இரவு இது வெளிச்சத்திற்கு வந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. வாகனங்கள் எரிந்தன. வன்முறைக்கு நியாயம் கூற எவராலும் இயலாது. விசாரணைக் குழு 2014-இல் தன் அறிக்கையை அளித்தது. 2015-இல் அவ்வட்டாரம் மதுக் கட்டுப்பாட்டுப் பகுதியானது. அந்நாள்களில் நண்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில், “அவர்களால் நம் இடத்தின் பெயர் கெட்டுவிட்டது” என்று ஒருவர் வருந்தினார். ‘அவர்கள்’, ‘நம்’ என்னும் அவ்விரு சொற்களும் என்னை நெடுநேரம் உறங்கவிடவில்லை. 1937-இல் கப்பலிலிருந்து இறங்கிய என் தந்தையார் எந்தச் சொல்லுக்குள் அடங்கியிருப்பார்?

சில ஆண்டுகளுக்குப் பின், ரோச்சோர் ரயில் நிலைய வாயிலருகே புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரோடு பேச நேர்ந்தது. கீழே இறங்கும் படிகளைக் காட்டி, “இந்தக் குழி தோண்டும்போது நான் உள்ள இருந்தேன் சார்” என்றார். 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட நிலையம் அது. தாரிட்ட சாலையைக் காட்டிய என் தந்தையாரின் குரலில் இருந்த அதே பெருமிதம் அவர் குரலிலும் இருந்தது.

மாணவியின் வினாவிற்கு நான் அன்று அளித்த விடை இது: “தேக்காவுக்குத் தலைவர் இல்லை, அம்மா, ஆனால் பொறுப்பாளிகள் உண்டு. அங்கே சென்று வரும் நாம் அனைவரும் அதற்குப் பொறுப்பாளிகள்.” இன்றும் அவ்விடையில் எனக்கு மாற்றமில்லை. குடியுரிமையும் வாக்குரிமையும் சட்டத்தால் வரையறுக்கப்படுவன. அவ்வரையறைக்கு ஒவ்வொரு நாட்டிற்கும் காரணங்கள் உண்டு. ஆனால், ஒருவரை நம் ஊரார் என்று கருதுவதற்குச் சட்டத்தின் இசைவு தேவையில்லை. வாக்கில்லாதவர்க்காகப் பேசும் கடமை வாக்குள்ளவர்க்கு உண்டு.

எனவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதப் பணிக்கும்போது, நிலம், மக்கள், ஆட்சி என்னும் மூன்றோடு மற்றொரு பணியையும் சேர்த்துக் கொடுங்கள். மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் தேக்காவுக்குச் செல்லட்டும். அங்கு அமர்ந்திருக்கும் தொழிலாளர் ஒருவரிடம் வணக்கம் கூறி, அவர் பிறந்த ஊரின் பெயரையும், சிங்கப்பூரில் அவர் கட்டிய ஒன்றின் பெயரையும் கேட்டு எழுதி வரட்டும். அந்த இரண்டு வரிகளும் சேர்ந்த பிறகே அக்கட்டுரைக்கு மதிப்பெண் இடுவோம்.