வடித்த தண்ணீர்

என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினான்கு வயதுப் பெண். கோபித்துக் கொண்டு கத்தியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். கத்தவில்லை. இரவில் தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். காலித் தட்டைக் கொண்டு வந்து கழுவிக் கவிழ்ப்பாள். அவ்வளவுதான்.

குற்றம் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய உயிர்த்தோழி வேறு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். ஒரு மாத காலம், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள் இவள். ஒரு நாள் இரவு என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அதைக் கதையாக எழுதிவிட்டேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். கொட்டகையை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. கதைக்கு அத்தனை பாந்தமாக இருந்தது அந்தக் கொட்டகை! யாரோ ஒரு மாணவியின் தாயார் அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்ப, இரண்டே நாளில் வகுப்பு முழுவதும் படித்துவிட்டது. எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"கேட்டேன்."

"என்னன்னு?"

"கதை ரொம்ப நல்லா வந்திருக்கே, அதுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதான்னு கேட்டேன்."

அப்போது என் மனைவி பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது.

அந்த வாரக் கடைசியில் அவள் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனாள். வீட்டில் நானும் மகளும் என் தாயாரும். மகளுக்கு மிகவும் பிடித்த பண்டம் கிரீம் சேர்த்த கோழிப் பாஸ்தா. ஓட்டலில் அதற்குப் போட்டிருந்த விலையைப் பற்றி, அவளுடைய சிநேகிதிகள் முன்னிலையிலேயே நான் ஒரு தடவை பிரசங்கம் செய்ததுண்டு. அந்தக் கணக்கும் பாக்கியிருந்தது. நானே செய்து போடுவது என்று தீர்மானித்தேன்.

எதைச் செய்வதானாலும் முதலில் அதன் சரித்திரத்தைப் படிப்பது எழுத்தாளனைப் பிடித்த வியாதி. ரோமாபுரியில் ஆல்பிரடோ தி லேலியோ என்று ஒருவர். 1908-ஆம் வருஷம் அவர் மனைவி பிள்ளை பெற்ற பிறகு சாப்பாட்டைத் தொடாமல் மெலிந்து கிடந்தாளாம். நாடா போன்ற பாஸ்தாவில் வெண்ணெயையும் பார்மிசான் சீஸையும் போட்டுக் கிளறிக் கொடுத்தார், சாப்பிட்டாள். அவர் குடும்பத்தார் சொல்லிவரும் கதை இது. 1920-ல் ஹாலிவுட் நட்சத்திரங்களான டக்ளஸ் பேர்பாங்க்ஸும் மேரி பிக்போர்டும் தேனிலவுக்குப் போன இடத்தில் அவர் கையால் சாப்பிட்டு மயங்கி, பிற்பாடு தங்க முள்கரண்டியும் தங்கக் கரண்டியும் பரிசளித்தார்கள். கிரீமும் கோழியும் பின்னால் அமெரிக்காவில் சேர்ந்த உறவுகள். தங்கக் கரண்டியில் எனக்குச் சிரத்தையில்லை. சாப்பிட மறுத்த ஒருத்திக்காகச் செய்தது என்ற விஷயத்தைப் பிடித்துக் கொண்டேன்.

சனிக்கிழமை செய்தது குட்டிச்சுவராயிற்று. பாஸ்தாவை வேகவைத்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, போதாக்குறைக்குக் குழாயடியில் பிடித்து அலசினேன். கிரீமை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, வாசனைக்காக எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். நெய் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, பால் திரிஞ்ச மாதிரி இருக்கு? வடிச்ச தண்ணி எங்கே?"

"கொட்டிட்டேன்."

"கொட்டிட்டியா! வேக வச்ச கஞ்சியை எவனாவது கொட்டுவானா?"

அம்மா பாஸ்தாவைக் கண்டதே அன்றுதான். ஆனால் எதை வடித்தாலும் கஞ்சிக்கு ஒரு பாத்திரம் வைப்பது அவள் வழக்கம். கன்றுக்குட்டிக்கு ஆகும், நூல் புடவைக்கு ஆகும். அன்றிரவு எல்லாரும் தயிர் சாதம் சாப்பிட்டோம், மகள் அவள் அறையில்.

அம்மா சொன்னதுதான் ரகசியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேகும்போது பாஸ்தாவிலிருந்து மாவுச்சத்து தண்ணீரில் இறங்குகிறது. கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நெய்யாகப் பிரிந்துவிடாமல் தடுப்பது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆரம்பித்தேன். எலும்பில்லாத நெஞ்சுக்கறி கால் கிலோ. ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவினேன். ஈரத்தோடு போட்டால் கறி சிவக்காது, தன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப் போகும். வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி எடுத்து வைத்தேன். இன்னோர் அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீர், 15 கிராம் உப்பு, 200 கிராம் பாஸ்தா. பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பாகவே இறக்கி, வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன். கறி வாட்டிய சட்டியிலேயே பூண்டை நசுக்கிப் போட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டதும் அடியில் ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் கரைந்து வந்தது. அடுப்பைத் தணித்து ஒரு பெட்டிக் கிரீம். கொதிக்கவிடவில்லை. பாஸ்தாவும் கறியும் சேர்ந்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் துருவிய சீஸ். இறுகினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். எலுமிச்சம்பழம் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

பிரியவில்லை. பட்டுப்போல் வழிந்தது. திரும்பிப் பார்த்தால், சமையலறை வாசலில் மகள் நிற்கிறாள். பூண்டு வாசனை கூப்பிட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "அந்தக் கொட்டகை உன்னோடது. நான் எடுத்திருக்கக் கூடாது" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து மூன்று தட்டுகளை எடுத்தாள்.

அம்மா கையால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக் கொண்டு, "சேமியாப் பாயசம் மாதிரிதான் இருக்கு. சர்க்கரைக்குப் பதிலா கோழியைப் போட்டுட்டான்" என்றாள். மகள் சிரித்தாள். பன்னிரண்டாம் நாள் கேட்ட சிரிப்பு.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "அப்பா, இதையும் எழுதுவீங்களா?"

எழுதினேன், எழுதி, பத்திரிகைக்கு அனுப்புமுன் அவளிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள். உப்பு 20 கிராம் என்று நான் எழுதியிருந்ததை 15 என்று திருத்தினாள். கொட்டகையைத் தொடவில்லை. இரண்டு வாக்கியங்களை அடித்தாள். அவை இரண்டும் இங்கே இல்லை.