கம்பிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

ட்ருகனினாவுக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் உயர் மின்னழுத்தக் கோபுரங்களைப் பார்க்க எனக்குச் சந்தோசம்தான். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். கரண்ட் கம்பிக்குப் பயப்படுவேனா?

போன மாதம் பக்கத்துத் தெருத் தங்கச்சி ஒருவர் வந்தார். அவருடைய ஐந்து வயது மகனுக்கு லுக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, மலிவெண்டு நான்தான் இந்தக் காணியை வாங்குவம் எண்டனான். கம்பியாலதான் பிள்ளைக்கு வந்ததோ?"

நான் டொக்டர் இல்லை. அவர் போனபிறகு தேடி வாசித்தேன்.

இந்தப் பயம் 1979 இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த ஓர் ஆய்வோடு தொடங்கியது. 2000 இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேலுள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கு லுக்கேமியா ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. 2002 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் போட்டது. 'உண்டாக்கும்' என்று சொல்லவில்லை.

2005 இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆய்வொன்று, பிறந்தபோது கம்பியிலிருந்து 200 மீற்றருக்குள் இருந்த பிள்ளைகளுக்கு 69 வீதம் அதிகம் என்றது. ஆனால் 200 முதல் 600 மீற்றர் வரையும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அவ்வளவு தூரத்தில் கம்பியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட இல்லை. 2014 இல் கூடுதலான ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1960, 70களில் தெரிந்த வித்தியாசம் 80களுக்குப் பிறகு இல்லை. கம்பியில் அதே கரண்ட்தான் ஓடுகிறது. அப்படியென்றால் காரணம் வேறெங்கோ இருக்கவேண்டும்.

அடுத்தநாள் போய்ச் சொன்னேன். "தங்கச்சி, காணி வாங்கினது உங்கட பிழையில்லை. இண்டைக்கு இந்த மாதிரி நாடுகளில, பிள்ளையளுக்குக் கூடுதலா வாற வகை லுக்கேமியாவில பத்துக்கு ஒன்பது பேர் ஐஞ்சு வருசம் தாண்டி இருக்கினம்."

அவர் அழுதார். பிறகு தேத்தண்ணி போட எழும்பினார்.

புதிதாகக் காணி பார்க்கும் உறவுகளே, மனம் கேட்காவிட்டால் வாங்கமுதல் காந்தப்புலத்தை அளந்து பாருங்கள். தூரம் கூடக்கூட அது சடுதியாகக் குறையும். ஆனால் நோய் வந்த வீட்டுக்குப் போய், "கம்பிக்குப் பக்கத்தில ஏன் வாங்கினனீங்கள்?" என்று மட்டும் கேளாதேயுங்கோ.