நானூறு மீற்றர்

சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், ஓர் இளைஞன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். சட்டை நனைந்திருந்தது, உதட்டோரம் இரத்தம் உறைந்திருந்தது. கண்டி நகரின் புடவைக்கடை ஒன்றில் அவன் சிப்பந்தி. அன்றுதான் சம்பளம் வாங்கியிருந்தான். வாவிக் கரையில் ஒருவரைச் சந்திக்கச் சென்றபோது இருவர் வந்து சூழ்ந்துகொண்டார்களாம். சம்பளத்தையும் கைத்தொலைபேசியையும் பறித்துக்கொண்டு, "பொலிசுக்குப் போ, நீ எதற்காக இங்கே வந்தாய் என்பதை நாங்களும் சொல்கிறோம்" என்று சிரித்துவிட்டுப் போனார்களாம்.

"சேர், என்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வருவீர்களா?" என்று கேட்டான்.

நான் ஓர் ஆசிரியன். தொழிற்சங்க மேடைகளில் நீதியைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியவன். அன்று நான் அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, போனது போகட்டும். பேசாமல் இருந்துவிடு." தேநீர் கொடுத்தேன்; பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தேன்; அனுப்பிவிட்டேன்.

அந்த இளைஞனுக்கு என்னை எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு ஒளிவின்றி விடை சொல்லாவிட்டால் இக்கட்டுரையை எழுதுவதிற் பொருளில்லை. நானும் ஆண்களை நேசிக்கும் ஆண். எங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தியது கைத்தொலைபேசியிலுள்ள ஒரு செயலி. அதில் அவன் முகமில்லாத ஒரு சிறு கட்டம். அதனருகே எழுதியிருந்தது: 400 மீற்றர்.

கிரைண்டர் என்பது அச்செயலியின் பெயர். 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஜோயல் சிம்காய் என்பவர் அதனை வெளியிட்டார். தன்பாலீர்ப்புடைய ஆண்களும், இருபாலீர்ப்புடைய ஆண்களும், பால் வரையறைகளுக்குள் அடங்காத பிறரும் அதைப் பயன்படுத்துகின்றனர். அதன் வேலை எளிது. தொலைபேசி இருக்குமிடத்தை அறிந்து, மிக அருகில் இருப்பவரை முதலிலும் தொலைவில் இருப்பவரைப் பின்னரும் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டுகிறது. கட்டத்தைத் தொட்டால் உரையாடலாம்.

கண்டியில் நான் கண்ட கட்டங்களிற் பெரும்பாலானவற்றில் முகம் இல்லை. ஒருவர் மகாவலி கங்கையின் படத்தை வைத்திருப்பார். மற்றொருவர் தேயிலைக் கொழுந்தை வைத்திருப்பார். பலர் எதையுமே வைப்பதில்லை. ஹந்தானை மலைத் தோட்டத்திலிருந்து எழுதுபவனுக்கும் பேராதனைப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து எழுதுபவனுக்கும் இடையே சில கிலோமீற்றரே உண்டென்று செயலி கூறும். வானில் நேர்கோடு இழுத்து அளந்த கணக்கு அது. மலைப்பாதையின் வளைவுகளை அக்கோடு அறியாது. வர்க்கத்தையும் சாதியையும் மொழியையும் அறவே அறியாது.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை; அதில் ஆறு பேர். ஒரு பெருமூச்சுக்கூட அங்கே ஒருவனுக்குத் தனியே சொந்தமன்று. உலகத்தில் என்னைப் போல் வேறொருவன் இல்லை என்றே இருபத்தைந்து வயதுவரை நம்பியிருந்தேன். அந்த இளைஞனும் தோட்டத்துப் பிள்ளைதான். முதன்முறை ஒரு தேநீர்க்கடையிற் சந்தித்தபோது அவன் கேட்ட முதற் கேள்வி, "நம்மைப்போல எத்தனை பேர் சேர் இருப்பார்கள்?" என்பதாகும். செயலியின் பெறுமதியை நான் அக்கேள்வியாலேயே அளக்கிறேன். 'நீ தனியன் அல்லன்' என்று அவனுக்கு முதலிற் சொன்னது பள்ளிக்கூடமன்று, கோயிலன்று, சங்கமுமன்று; ஓர் அந்நிய வியாபார நிறுவனத்தின் இயந்திரம். இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்.

ஆனால் அந்நிறுவனம் தருமசத்திரம் நடத்தவில்லை. தனிமையை விற்பதே அதன் தொழில். தூரத்தைக் காட்டும் அந்த எண்ணிலேயே ஆபத்தும் இருக்கிறது. வாவிக் கரையிலிருந்து ஒருவன் எவ்வளவு தூரம், கட்டுகஸ்தோட்டையிலிருந்து எவ்வளவு தூரம், பேராதனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மூன்று அளவுகள் கிடைத்தால் போதும். மூன்று வட்டங்கள் வரைந்தால் அவை வெட்டும் புள்ளியில் அவன் வீடு இருக்கும். 2014இல் ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்திய பின்னரே, தன்பாலீர்ப்பாளர்களை ஒடுக்கும் சில நாடுகளில் தூரத்தைக் காட்டாமல் மறைக்க நிறுவனம் முன்வந்தது. பயனாளர்களின் தகவல்களை முறையான சம்மதமின்றி விளம்பர நிறுவனங்களுக்கு வழங்கியதற்காக, 2021இல் நோர்வே நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

எனினும், அன்றிரவு அந்த இளைஞனைக் கொள்ளையிட்டது செயலி அன்று. கொள்ளையர் கையிற் கத்தியும் இருக்கவில்லை. அவர்களுக்குக் கத்தியாக உதவியது நம் நாட்டுச் சட்டம்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1883இல் பிரித்தானிய ஆட்சி தண்டனைச் சட்டக்கோவையைக் கொண்டுவந்தது. அதன் 365ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவு என்று கூறிப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவு இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆடவரை மட்டுமே குறித்த இப்பிரிவை 1995இல் நம் பாராளுமன்றம் திருத்திற்று. நீக்குவதற்காக அன்று, பெண்களையும் உள்ளடக்குவதற்காக! எங்கள் மூதாதையரை லயங்களில் அடைத்த ஆட்சியே இச்சட்டத்தையும் எழுதிற்று. இங்கிலாந்து தன் நாட்டில் 1967இலேயே இக்குற்றத்தைத் தளர்த்திவிட்டது. நம் நாட்டில் லயமும் நிற்கிறது, சட்டமும் நிற்கிறது.

திருட்டுக் கொடுத்தவன் முறையிடப் போனால், தன் 'குற்றத்தை' முதலில் தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை அறிந்தவனே அவனை மிரட்டுகிறான். கைதானவர்கள் மீது பலவந்தமாகக் குதப் பரிசோதனை நடத்தப்பட்ட கொடுமையை, 2020இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் உலகறியச் செய்தது. இந்நிலையில், பேசாமல் இரு என்று நான் சொன்னது விவேகம் அல்லவா என்று நண்பர் ஒருவர் ஆறுதல் கூறினார். அது விவேகமன்று, அச்சம். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான்.

முற்போக்கு அன்பர்கள் சிலர் இதை மேல்நாட்டு நாகரிகம் என்கிறார்கள். சட்டம் கப்பலேறி வந்தது உண்மை; நேசம் அப்படி வரவில்லை. முதலில் சம்பளப் போராட்டம், பிறகு மற்றவை என்பார் வேறு சிலர். பறிபோனது ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் அல்லவா? காரும் தனிவீடும் உள்ளவனுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள இடம் உண்டு. லயத்துப் பிள்ளைக்கு வாவிக் கரையைத் தவிர இடமில்லை. ஆகவே சட்டத்தின் அடி முதலில் விழுவது ஏழையின் முதுகில். 1948இல் ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. காகிதத்தில் எழுதிய சில வரிகள் மனிதனை என்ன செய்யும் என்பதை மலையகத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் சற்று அசைந்திருக்கின்றன. 2016இல் நம் உயர் நீதிமன்றம், சம்மதமுடைய வயதுவந்தோரைச் சிறையில் அடைப்பது பொருத்தமன்று என்று கருதித் தண்டனையை ஒத்திவைத்தது. ஆயினும் அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை நீக்கவில்லை. 2018 செப்டம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2023 மே மாதம், பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று நம் உயர் நீதிமன்றமும் கூறிற்று. 2024 செப்டம்பரில் அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. சட்டமூலம் சட்டமாகவில்லை.

நமக்குச் சொற்களும் வந்துள்ளன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தொடங்கிய வழக்குப் பணியின் பயனாக, மறு ஆண்டில் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 'பால்புதுமையர்' என்ற சொல் அவற்றுள் ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் என்னைக் குறிக்க வசைச் சொற்கள் மட்டுமே இருந்தன. வசையைத் தவிர வேறு பெயரில்லாதவன் எந்த நியாயத்தை எவரிடம் போய்க் கேட்பான்?

அந்த இளைஞனை அதன்பின் நான் காணவில்லை. கடையில் விசாரித்தேன், வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். செயலியிலும் அவன் கட்டம் மறைந்துவிட்டது. அவன் தங்கியிருந்த இடம் என் வீட்டிலிருந்து நானூறு மீற்றர். நடந்தால் ஐந்து நிமிடம். பொலிஸ் நிலையமும் அதைவிட அதிகத் தூரமில்லை. அன்று நான் அவனோடு நடந்திருக்கலாம்.

இக்கட்டுரையைப் படித்தபின் என்னோடு அமர்ந்து தேநீர் அருந்தச் சிலர் தயங்கலாம். தயங்கட்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், 365, 365அ ஆகிய பிரிவுகளை நீக்கக் கோரும் தீர்மானம் ஒன்றை நான் முன்மொழியப்போகிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்தாலும் போதும். இனி எவனாவது இரவில் வந்து கதவைத் தட்டினால், அவனுக்குத் தேநீர் கொடுப்பேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அவனோடு புறப்படுவேன்.